ரெண்டாவது ஃபைபர் இணைத்த பிறகு கேம்பஸ் நெட்வொர்க் திணறுகிறது, ஸ்பேனிங் ட்ரீயில் எதை மாற்ற வேண்டும்?

கடலூர்_லேப் கேட்டது:

வணக்கம். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் உள்ள ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபையும் கேம்பஸ் நெட்வொர்க்கையும் நான் பார்த்துக்கொள்கிறேன். விஷயம் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எங்களிடம் நான்கு கட்டடம். அலுவலகத்தில்தான் சர்வர், ஃபயர்வால், இன்டர்நெட் லைன் எல்லாம் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் லேப், இன்னொரு பக்கம் நூலகம், ரெண்டுக்கும் அலுவலகத்திலிருந்து நேராக ஃபைபர் போகிறது. ஹாஸ்டல் கேம்பஸின் கடைசியில், அதற்கு லேபிலிருந்து ஃபைபர். போன மழைக்காலத்தில் வடிகாலுக்காக ஜேசிபி தோண்டியபோது லேபுக்கும் ஹாஸ்டலுக்கும் நடுவே இருந்த கேபிள் அறுந்து, ஹாஸ்டல் முழுக்க நெட் இல்லாமல் போனது. அதனால் நிர்வாகம் நூலகத்திலிருந்து ஹாஸ்டலுக்கு இன்னொரு ஃபைபர் போட்டுக் கொடுத்தது. ஆக இப்போது நான்கு கட்டடமும் ஒரு வளையம்.

வளையத்தில் தரவு சுற்றிக்கொண்டே இருக்காமல் ஒரு வழியை மூடி வைக்கும் ஸ்பேனிங் ட்ரீ நான்கிலும் இருக்கிறது. அலுவலகத்திலும் நூலகத்திலும் சிஸ்கோ ஸ்விட்ச், அது சிஸ்கோவின் ராபிட் பிவிஎஸ்டி வகையில் ஓடுகிறது. லேபில் வேறு கம்பெனி ஸ்விட்ச், பொதுவான ஆர்எஸ்டிபி வகை. ஹாஸ்டலில் இருப்பது பழைய 24 போர்ட் ஸ்விட்ச், அப்லிங்க் ரெண்டு மட்டும் கிகாபிட், மற்றதெல்லாம் 100. ஒரே கேபிளில் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்க விலான்கள் உண்டு: விலான் 10 அலுவலகம், 20 லேப், 30 ஹாஸ்டல்.

புது ஃபைபர் இணைத்த பிறகு வந்த தொல்லைகள்: லேபிலிருந்து சர்வருக்குப் போகும் வேகம் குறைந்துவிட்டது, பக்கத்துக் கட்டடம்தான், ஆனாலும் ஃபைல் காப்பி ஆக நேரம் எடுக்கிறது. ஹாஸ்டலில் கரண்ட் போனால் லேபில் கொஞ்ச நேரம் நெட் நிற்கிறது, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றே புரியவில்லை. காலையில் லேபில் எல்லா மெஷினையும் ஒன்றாக ஆன் செய்தால் பாதிக்கு 169.254 என்று ஆரம்பிக்கும் முகவரிதான் வருகிறது, கொஞ்ச நேரம் கழித்துத் தானே சரியாகிவிடும். இதெல்லாம் போதாதென்று ஒரு மதியம் மொத்த கேம்பஸும் உறைந்துவிட்டது. ஸ்விட்சில் எல்லா விளக்கும் ஒரே வேகத்தில் சிமிட்டின, அலுவலக ஸ்விட்சின் லாக் முழுக்க மேக் முகவரி ஃபிளாப் ஆகிறது (ஒரே மெஷின் வெவ்வேறு போர்ட்டில் மாறி மாறித் தெரிகிறது) என்ற செய்தி.

அலுவலக ஸ்விட்சில் ‘ஷோ ஸ்பேனிங்-ட்ரீ’ போட்டுப் பார்த்தேன். விலான் 1-க்கு ரூட் (மற்ற ஸ்விட்சுகள் வழி தேடும் மைய ஸ்விட்ச்) ஏதோ ஒரு மேக் முகவரி, பிரியாரிட்டி 32768, அதை அடையும் வழியின் காஸ்ட் 8, ரூட் போர்ட் நூலகம் பக்கம் போகும் போர்ட். தேடிப் பார்த்ததில் அந்த மேக் ஹாஸ்டல் ஸ்விட்சுடையது. ஆனால் விலான் 10, 20, 30-க்கு ரூட் நூலக ஸ்விட்ச் என்று காட்டுகிறது. லேப் ஸ்விட்சில் காஸ்ட் 20000, ரூட் போர்ட் ஹாஸ்டல் பக்கம், அலுவலகம் பக்கம் போகும் போர்ட் ஆல்டர்நேட் என்று இருக்கிறது.

இதில் எது சரி, எது தப்பு, எங்கே கை வைக்க வேண்டும்?

வில்லியனூர்_கேபிள் பதில்:

சார், உங்கள் அளவு நெட்வொர்க்குக்கு வளையமே வேண்டாம் என்பது என் கருத்து. நான் புதுச்சேரி பக்கம் பள்ளிக்கூடம், மருத்துவமனை, கடை என்று கேபிளிங் எடுத்துச் செய்கிறேன். ரெண்டாவது ஃபைபரை ஹாஸ்டல் ரேக்கில் கழற்றித் தொங்கவிட்டு லேபிள் ஒட்டி வைத்துவிடுவோம். முதல் கேபிள் அறுந்தால் வாட்ச்மேன்கூட எடுத்து மாட்டிவிடலாம். லூப்பே இல்லை என்றால் ஸ்பேனிங் ட்ரீ எதற்கு, அதை ஆஃப் செய்துவிட்டால் காலையில் வரும் ஐபி தொல்லையும் போய்விடும். எளிமையாக இருப்பதுதான் பிறகு பார்ப்பவருக்கும் நல்லது.

லாசுப்பேட்டை_நெட் பதில்:

கடலூர் நண்பரே, நீங்கள் கொடுத்த விவரத்திலேயே பதில் எல்லாம் இருக்கிறது. வளையத்தைக் கலைக்க வேண்டாம், ஸ்பேனிங் ட்ரீயை ஆஃப் செய்யவே வேண்டாம். உங்கள் நெட்வொர்க்கில் ரூட் யார் என்று இதுவரை யாரும் முடிவு செய்யவில்லை, ஸ்விட்சுகள் தாங்களே முடிவு செய்துகொண்டன. மற்றதெல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

ரூட் எப்படித் தேர்வாகிறது என்றால், ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் 8 பைட்டில் ஒரு பிரிட்ஜ் ஐடி உண்டு, முதல் 2 பைட் பிரியாரிட்டி, அடுத்த 6 பைட் மேக் முகவரி. யாருடைய எண் சிறியதோ அவர்தான் ரூட். யாரும் எதையும் மாற்றாவிட்டால் எல்லாருக்கும் பிரியாரிட்டி 32768, ஆகவே மேக் முகவரி சிறியதாக இருப்பவர் ஜெயிப்பார். பழைய ஸ்விட்சுகளுக்குப் பெரும்பாலும் சிறிய மேக் இருக்கும், அதனால்தான் சும்மா விட்ட நெட்வொர்க்கில் மூலையில் கிடக்கும் பழைய பெட்டியே ரூட் ஆகிவிடுகிறது. உங்களிடம் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. சிஸ்கோவில் பிரியாரிட்டியோடு விலான் எண்ணையும் கூட்டிக்கொள்ளும், விலான் 1-க்கு 32769 ஆகிவிடும். மற்ற ரெண்டு ஸ்விட்சும் 32768-லேயே நிற்கின்றன. ஆகவே மேக் முகவரியைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் சிஸ்கோ ரெண்டும் தோற்றுவிட்டன, லேபும் ஹாஸ்டலும் மட்டும் போட்டியிட்டதில் ஹாஸ்டல் ஜெயித்திருக்கிறது.

இனி லேபின் வேகம். ரூட் ஹாஸ்டலில் இருப்பதால் எல்லாரும் ஹாஸ்டலை நோக்கிக் குறைந்த காஸ்ட் உள்ள வழியைத் தேடுகிறார்கள். சிஸ்கோ பிவிஎஸ்டியில் பழைய காஸ்ட் முறை: கிகாபிட்டுக்கு 4, 100-க்கு 19, 10 கிகாபிட்டுக்கு 2. லேப் ஸ்விட்ச் புது முறையில் இருக்கிறது, அதில் கிகாபிட்டுக்கு 20000. உங்கள் அலுவலக ஸ்விட்சுக்கு நூலகம் வழியாக 4-ம் 4-ம் சேர்ந்து 8, லேப் வழியாகப் போனால் 20000-ம் 4-ம் சேர்ந்து 20004. உண்மையில் ரெண்டு வழியும் ஒரே தூரம்தான், ஆனால் அது நூலகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டது. லேபும் அலுவலகமும் சேரும் அந்த ஃபைபரில் 8 சொல்பவர் அலுவலகம், 20000 சொல்பவர் லேப், அதனால் லேப் தன் முனையை மூடிவிட்டது. அந்த ஆல்டர்நேட் என்பது இதுதான். ஆக லேபிலிருந்து சர்வருக்குப் போகும் ஒவ்வொரு ஃபிரேமும் ஹாஸ்டலுக்குப் போய், அங்கிருந்து நூலகத்துக்கு வந்து, அதற்குப் பிறகுதான் அலுவலகத்துக்குப் போகிறது. மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூருக்கு நெல்லிக்குப்பம் சுற்றிப் போவது போல. ஹாஸ்டலில் கரண்ட் போனால் லேப் ஏன் நிற்கிறது என்பதும் இப்போது புரியும், ரூட்டும் போய்விடுகிறது, லேபின் வழியும் போய்விடுகிறது.

விலான் 10, 20, 30-க்கு ரூட் வேறாகக் காட்டுவதற்குக் காரணம் பிவிஎஸ்டி. அது ஒவ்வொரு விலானுக்கும் தனி மரம் கட்டும், ஆனால் அந்த பிபிடியுக்களை (ஸ்பேனிங் ட்ரீக்காக ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஃபிரேம்கள்) சிஸ்கோ தன்னுடைய சொந்த மல்டிகாஸ்ட் முகவரிக்கு அனுப்பும். மற்ற கம்பெனி ஸ்விட்சுக்கு அது புரியாது, சாதாரண மல்டிகாஸ்ட் என்று நினைத்து முன்னே தள்ளிவிடும். விலான் 1-க்கு மட்டும் எல்லாருக்கும் பொதுவான ஐஇஇஇ பிபிடியு போகிறது. அதனால் நீங்கள் சிஸ்கோவில் விலான் 20-க்கு மட்டும் பிரியாரிட்டி மாற்றினால் லேப் ஸ்விட்ச் அதைக் கண்டுகொள்ளாது. இதைத் தெரியாமல் நாள் கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

காலையில் வரும் 169.254 எளிதானது. லேப் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் (பிசி போன்ற கடைசி மெஷின் மட்டும் மாட்டும் போர்ட்) என்று நீங்கள் குறிக்கவில்லை. பிசி ஆன் ஆனதும் ஸ்விட்ச் அந்தப் பக்கம் இன்னொரு ஸ்விட்ச் இருக்குமோ என்று 15 விநாடி காத்திருக்கும், பிறகு 15 விநாடி மேக் முகவரிகளைக் கற்றுக்கொள்ளும். அந்த 30 விநாடிக்குள் விண்டோஸ் டிஹெச்சிபியிடம் ஐபி முகவரி கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் தானே ஒரு முகவரி எடுத்துக்கொள்கிறது. சில ஸ்விட்சுகள் எட்ஜ் போர்ட்டைத் தாமாகவே கண்டுபிடிக்கும், உங்களுடையது செய்யவில்லை போலிருக்கிறது. அதைவிட முக்கியம், எட்ஜ் அல்லாத போர்ட் ஒவ்வொன்றும் ஃபார்வர்டிங் நிலைக்கு வரும்போது டோபாலஜி சேஞ்ச் என்று கேம்பஸ் முழுக்கச் செய்தி போகும், எல்லா ஸ்விட்சும் கற்ற மேக் அட்டவணையைத் துடைத்துவிட்டு மறுபடி எல்லா போர்ட்டிலும் ஃபிரேமைக் கொட்டும். ஒரு லேப் முழுக்க ஒன்றாக ஆன் ஆனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ‘ஷோ ஸ்பேனிங்-ட்ரீ டீட்டெயில்’ போட்டால் எத்தனை முறை டோபாலஜி மாறியது, கடைசியாக எந்த போர்ட்டிலிருந்து வந்தது என்று சொல்லும், ஒரு காலை நேரத்தில் போட்டுப் பாருங்கள்.

வில்லியனூர் அண்ணன் சொன்னதற்கு: கேபிளைக் கழற்றி வைப்பது லூப் வராமல் தடுக்கும் என்பது பாதிதான் உண்மை. லூப்பை நீங்கள் மட்டும் போடுவதில்லை. ஸ்டாஃப் ரூமில் யாரோ ஒருவர் சுவரில் தொங்கும் பேட்ச் கார்டின் மறுமுனையைப் பக்கத்து சாக்கெட்டில் செருகினாலும் லூப்தான். ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்ற ஆயுள் எண் உண்டு, சுற்றிச் சுற்றி வந்தால் ஒரு கட்டத்தில் செத்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி ஒன்றும் இல்லை. ஒரே ஒரு ஏஆர்பி கேள்வி (இந்த ஐபி யாருடையது என்று எல்லாரிடமும் கேட்பது) லூப்பில் மாட்டினால் யாராவது கேபிளைப் பிடுங்கும் வரை சுற்றும், ஒவ்வொரு சுற்றிலும் எல்லா போர்ட்டிலும் நகல் போகும். ராடியா பெர்ல்மன் 1985-ல் டிஇசி நிறுவனத்தில் இருந்தபோது இந்த முறையை வடிவமைத்ததே இதைத் தடுக்கத்தான். 2002 நவம்பரில் பாஸ்டனில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் ஸ்பேனிங் ட்ரீ குழம்பி, நெட்வொர்க் நாள் கணக்கில் படுத்து, பரிசோதனை முடிவு முதல் மருந்துச் சீட்டு வரை பேப்பருக்குத் திரும்பினார்கள். சிறிய இடத்தில் சேதம் சிறியதாக இருக்கலாம், ஆனால் ஆன்லைன் தேர்வு நடக்கும் நாளில் வந்தால் அந்த மாணவர்களுக்கு அது சிறியது இல்லை.

இன்னும் ரெண்டு விவரம் வேண்டும். ஹாஸ்டல் ஸ்விட்சில் எஸ்டிபி எந்த மோடில் இருக்கிறது? ஃபைபர் நேராக ஸ்விட்சில் எஸ்எஃப்பியில் (ஸ்விட்சிலேயே செருகும் ஃபைபர் மாட்யூல்) போகிறதா, ஃபைபரைச் செம்புக் கேபிளுக்கு மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் வழியாகவா?

கடலூர்_லேப் பதில்:

ரொம்ப நன்றி சார், லேப் ஏன் சுற்றிப் போகிறது என்று இப்போதுதான் தெரிகிறது. ட்ரேஸ்ரூட் போட்டுப் பார்த்தபோது ஒரே ஒரு ஹாப் காட்டியதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஹாஸ்டல் ஸ்விட்சின் மெனுவில் எஸ்டிபி, ஆர்எஸ்டிபி, எம்எஸ்டிபி மூன்றும் இருக்கிறது, இப்போது எஸ்டிபியில் இருக்கிறது. அலுவலகம், லேப், நூலகம் எல்லாம் எஸ்எஃப்பி. ஹாஸ்டலின் ரெண்டு முனையிலும் மட்டும் மீடியா கன்வெர்ட்டர். உறைந்துபோன நாளில் லாக்கில் ஃபிளாப் ஆனவை அலுவலகத்து மெஷின்களின் மேக் முகவரிகள், அவை இருக்கும் போர்ட்டுக்கும் நூலகப் பக்க போர்ட்டுக்கும் நடுவே மாறி மாறி. பிறகு ஹாஸ்டல் வார்டன் அறையில் ஒரு சின்ன 8 போர்ட் ஸ்விட்சைக் கண்டோம், அதில் ஒரே கேபிளின் ரெண்டு முனையும் செருகியிருந்தது. அதை எடுத்ததும் எல்லாம் அமைதி. ஸ்பேனிங் ட்ரீ ஓடிக்கொண்டிருந்தும் அதை ஏன் பிடிக்கவில்லை?

சிப்காட்_ஷிஃப்ட் பதில்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், கடலூர் சிப்காட்டில் ஒரு ஆலையில் நெட்வொர்க்கும் இன்ஸ்ட்ருமெண்டேஷனும் பார்க்கிறேன். வளையம் எங்களுக்குச் சோறு போடும் விஷயம், அதனால் சில வார்த்தை.

முதலில் வளையத்தைக் கைவிடாதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது இந்தப் பக்கம் மரம், கம்பம், மேலே தொங்கிய கேபிள் எல்லாம் தரையில் கிடந்ததைப் பார்த்தவர்கள் ரெண்டாவது வழியைக் கழற்றித் தொங்கவிட மாட்டார்கள். மழையில் இரவு நேரத்தில் ஹாஸ்டலுக்குப் போய் யார் மாட்டுவது? வழி தானாக மாற வேண்டும், அதற்குத்தான் காசு கொடுத்து ஃபைபர் போட்டிருக்கிறார்கள். ரெண்டு ஃபைபரும் ஒரே பள்ளத்தில் போகவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

சின்ன ஸ்விட்ச் விஷயம். அந்த மாதிரிப் பெட்டிகளில் ஸ்பேனிங் ட்ரீயே கிடையாது. சில பெட்டிகள் பிபிடியுவை அப்படியே கடத்தும், அப்போது ஹாஸ்டல் ஸ்விட்ச் அனுப்பிய பிபிடியு அதற்கே திரும்பி வரும், அதைப் பார்த்து அது போர்ட்டை மூட வாய்ப்பு உண்டு. சில பெட்டிகள் பிபிடியுவை விழுங்கிவிடும், ஆனால் பிராட்காஸ்ட்டை மட்டும் சுற்றவிடும். வார்டன் அறையில் இருந்தது இந்த ரகமாகத்தான் இருக்கும். இதைப் பிடிக்க ஸ்பேனிங் ட்ரீ போதாது, லூப்பேக் டிடெக்ஷன் அல்லது லூப் ப்ரொடெக்ட் என்ற பெயரில் பல ஸ்விட்சுகளில் தனி வசதி இருக்கும். அது தன்னுடைய சொந்தச் சோதனை ஃபிரேமை அனுப்பி, திரும்பி வந்தால் போர்ட்டை மூடும். கூடவே ஸ்டார்ம் கன்ட்ரோல் போடுங்கள். ஒரு போர்ட்டில் பிராட்காஸ்ட் எல்லை மீறினால் அங்கேயே வெட்டிவிடும், லூப் இருந்தாலும் அந்த அறையோடு நிற்கும், கேம்பஸ் படுக்காது.

உங்கள் மீடியா கன்வெர்ட்டர்தான் எனக்குக் கவலை தருகிறது. ஃபைபரில் ரெண்டு இழை, ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க. எலி கடித்தோ, கடல் காற்றில் கனெக்டர் முனையில் அழுக்கும் ஈரமும் படிந்தோ ஒரு இழை மட்டும் போனால், மலிவான கன்வெர்ட்டர் செம்புப் பக்கத்தில் லிங்க் விளக்கை எரியவிட்டுக்கொண்டே இருக்கும். ஸ்விட்ச் லிங்க் நன்றாக இருக்கிறது என்று நம்பும். அந்தப் போர்ட் மூடி வைக்கப்பட்ட போர்ட் என்றால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் மூடிய போர்ட் மூடியே இருப்பது எதிர்ப்பக்கத்திலிருந்து பிபிடியு தொடர்ந்து வருவதால்தான். வாங்கும் இழை போனதும் பிபிடியு நிற்கும், இனி அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று முடிவு செய்து ஸ்விட்ச் அந்தப் போர்ட்டைத் திறந்துவிடும், அனுப்பும் இழை உயிரோடு இருப்பதால் வளையம் பூர்த்தியாகிவிடும். இதற்குத்தான் லூப் கார்டு. பிபிடியு திடீரென்று நின்றால் போர்ட்டைத் திறக்காமல் பூட்டி வைக்கும். நூலகம், லேப், ஹாஸ்டல் மூன்றிலும் வளையத்துப் போர்ட்டுகளில் போடுங்கள். முடிந்தால் கன்வெர்ட்டரைத் தூக்கிவிட்டு ஹாஸ்டலிலும் எஸ்எஃப்பி போட்டுவிடுங்கள், அதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது. உடனே முடியாது என்றால் கன்வெர்ட்டர் ஃபுல் டூப்ளெக்ஸில் லிங்க் ஆகிறதா என்றாவது பாருங்கள். ஹாஃப் டூப்ளெக்ஸ் ஆனால் ஆர்எஸ்டிபி அதைப் பகிர்ந்த லிங்க் என்று நினைத்துக்கொள்ளும், வேகமாக மாறும் வசதி அங்கே கிடைக்காது.

ஹாஸ்டல் ரேக்குக்கு ஒரு சின்ன யுபிஎஸ் கேளுங்கள். வளையத்தில் ஒரு ஸ்விட்ச் செத்தால் வளையம் இல்லை.

வில்லியனூர்_கேபிள் பதில்:

கழற்றி வைப்பது பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், இரவில் மாட்ட ஆள் இல்லை என்பது நியாயம். இன்னொரு கேள்வி. எட்ஜ் போர்ட்டில் பிபிடியு கார்டு (பிபிடியு வந்தால் போர்ட்டை மூடும் காவல்) போட்டால் யாராவது ஒரு சின்ன மேனேஜ்டு ஸ்விட்சையோ ரவுட்டரையோ மாட்டியதும் போர்ட் எர்-டிசேபிள் ஆகி மூடிவிடுகிறது, உடனே எனக்கு போன் வருகிறது. அதற்குப் பதில் பிபிடியு ஃபில்டர் போட்டால் போர்ட் மூடாது என்று ஒரு இடத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். அது சரியா?

லாசுப்பேட்டை_நெட் பதில்:

அண்ணே, முடிந்தால் இன்றைக்கே அந்த இடத்தில் ஃபில்டரை எடுக்கச் சொல்லுங்கள். போர்ட்டில் நேரடியாக பிபிடியு ஃபில்டர் போட்டால் அது பிபிடியு அனுப்பாது, வந்தாலும் பார்க்காது. அந்தப் போர்ட்டில் ஸ்பேனிங் ட்ரீ ஆஃப் என்றே அர்த்தம். அப்படி ரெண்டு போர்ட்டுக்கு நடுவே யாராவது கேபிள் போட்டால் தடுக்க ஒன்றுமே இல்லை. கார்டு மூடிவிட்டது என்று போன் வருவது நல்ல போன், எந்த அறையில் என்ன மாட்டினார்கள் என்று அதுதான் உங்களுக்குச் சொல்கிறது.

கடலூர் நண்பருக்கு இனி வேலை. சிப்காட் நண்பர் சொன்ன லூப் கார்டு, ஸ்டார்ம் கன்ட்ரோல் எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், நான் மோடையும் ரூட்டையும் மட்டும் சொல்கிறேன்.

நான்கு ஸ்விட்சும் எம்எஸ்டிபி பேசுகின்றன என்பதால் நான்கையும் அதற்கே மாற்றுங்கள். கலப்புக் கம்பெனி உள்ள இடத்தில் பிவிஎஸ்டியை வைத்துக்கொண்டு விலான் 1-ஐ மட்டும் நம்பி ஓட்டுவது முடியும்தான், ஆனால் உங்களுக்குப் பிறகு வருபவர் அந்த நுணுக்கத்தைத் தெரிந்திருக்க வேண்டும். எம்எஸ்டிபி எல்லாருக்கும் பொதுவான தரம், 802.1எஸ் என்று 2002-ல் வந்தது, இப்போது 802.1க்யூவின் பகுதி. அதில் ரீஜன் (ஒரே அமைப்புள்ள ஸ்விட்சுகளின் குழு) பெயர், ரிவிஷன் எண், எந்த விலான் எந்த இன்ஸ்டன்ஸில் (தனி மரத்தில்) என்ற அட்டவணை மூன்றும் நான்கு ஸ்விட்சிலும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினால்கூட வேறு ரீஜன் என்று எடுத்துக்கொள்ளும். நான்கு ஸ்விட்ச் வளையத்துக்குத் தனி இன்ஸ்டன்ஸ் எதுவும் வேண்டாம், எல்லா விலானும் இன்ஸ்டன்ஸ் 0-விலேயே இருக்கட்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை: மரம் ஒன்றுதான் என்பதால் வளையத்தின் நான்கு ட்ரங்கிலும் (பல விலான் சேர்ந்து போகும் இணைப்பு) 10, 20, 30 மூன்றும் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஏதாவது ஒரு ட்ரங்கில் 30 விட்டுப்போயிருந்தால், வழி அந்தப் பக்கம் மாறும் நாளில் ஹாஸ்டல் மட்டும் செத்துக் கிடக்கும், காரணம் கண்டுபிடிக்க ஒரு நாள் போகும்.

ஞாயிற்றுக்கிழமை போல ஆள் இல்லாத நேரத்தில் ஆரம்பியுங்கள். முதலில் நூலகம் – ஹாஸ்டல் போர்ட்டை ஷட்டவுன் செய்து வளையத்தை உடைத்துவிடுங்கள், அப்போது நடுவில் எது குழம்பினாலும் லூப் வராது. பிறகு ஒவ்வொரு ஸ்விட்சாக மோடை மாற்றி ரீஜனைப் போடுங்கள். அலுவலகத்தில் ‘ஸ்பேனிங்-ட்ரீ எம்எஸ்டி 0 பிரியாரிட்டி 4096’, லேபில் 8192. ‘ரூட் பிரைமரி’ என்ற கட்டளையைவிட எண்ணை நேராக எழுதுவது எனக்குப் பிடிக்கும், அந்தக் கட்டளை அந்த நேரத்து நிலையைப் பார்த்து ஒருமுறை எண்ணை எழுதிவிட்டுப் போய்விடும், நாளைக்கு யாரோ அதைவிடச் சிறிய எண் வைத்த ஸ்விட்சை மாட்டினால் அது திரும்பிப் பார்க்காது. பிரியாரிட்டி 4096-ன் மடங்காகத்தான் இருக்க முடியும், 5000 என்று கொடுத்தால் வாங்காது. நூலகத்தையும் ஹாஸ்டலையும் 32768-லேயே விடுங்கள்.

காஸ்ட் முறை நான்கிலும் நீண்ட முறையில் இருக்கிறதா என்று பாருங்கள், எம்எஸ்டிக்கு மாறியதும் சிஸ்கோ தானே 20000 காட்டும், ஹாஸ்டலில் மட்டும் மெனுவில் பழைய முறை இருக்கலாம். இதெல்லாம் முடிந்து ட்ரங்குகளில் ‘பவுண்டரி’ (ரீஜன் எல்லை) என்று எங்கும் காட்டவில்லை என்றால் ரீஜன் ஒன்றாகிவிட்டது. அப்புறம்தான் நூலகம் – ஹாஸ்டல் போர்ட்டைத் திறக்க வேண்டும். அப்போது ஹாஸ்டல் ஸ்விட்சுக்கு ரெண்டு பக்கமும் 40000 வரும், சமமாக இருப்பதால் பிரிட்ஜ் ஐடி சிறியதான லேபைத் தேர்ந்தெடுத்து, நூலகப் பக்கத்தைத் தானே மூடிக்கொள்ளும். மூட வேண்டிய இடம் அதுதான், சர்வரிலிருந்து மிகத் தூரமான முனை.

லேப், ஸ்டாஃப் ரூம், ஹாஸ்டல் அறை என்று மனிதர் கை படும் எல்லா போர்ட்டிலும் எட்ஜ், அதன் மேல் பிபிடியு கார்டு. சிஸ்கோவில் போர்ட்ஃபாஸ்ட் (எட்ஜுக்கு அங்கே உள்ள பெயர்) இருக்கும் எல்லா போர்ட்டுக்கும் கார்டை ஒரே கட்டளையில் போட்டுவிடலாம். ஆக்சஸ் பாயின்ட் போகும் போர்ட் ட்ரங்க் என்றால் அதற்கு ‘போர்ட்ஃபாஸ்ட் ட்ரங்க்’ என்று தனியாகக் கொடுக்க வேண்டும், வெறும் போர்ட்ஃபாஸ்ட் அங்கே வேலை செய்யாது. அலுவலக ஸ்விட்சின் வளையத்துப் போர்ட் ரெண்டிலும் மட்டும் ரூட் கார்டு போடலாம், யாராவது குறைந்த பிரியாரிட்டியோடு வந்தால் அந்தப் போர்ட்டை நிறுத்தி வைக்கும். லேபிலும் நூலகத்திலும் வளையத்துப் போர்ட்டில் ரூட் கார்டு வேண்டாம், அங்கே வழி மாறும்போது ரூட் எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம். ஒரே போர்ட்டில் ரூட் கார்டும் லூப் கார்டும் சேர்ந்து ஓடாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் சேவ் செய்யுங்கள். அப்புறம் லேப் – அலுவலகம் ஃபைபரைப் பிடுங்கிவிட்டு லேபில் பிங் ஓடவிட்டுப் பாருங்கள். இதைச் செய்து பார்க்காமல் வளையம் வேலை செய்கிறது என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். பழைய எஸ்டிபியில் இருந்திருந்தால் மேக்ஸ் ஏஜ் 20, லிசனிங் 15, லேர்னிங் 15 என்று 50 விநாடி வரை போகும். இப்போது ஓரிரு பிங் போனால் அதிகம்.

கடலூர்_லேப் பதில்:

ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டேன். நீங்கள் சொன்னபடியே அலுவலகத்தில் ‘இந்த பிரிட்ஜ்தான் ரூட்’ என்று வருகிறது, லேபில் 20000, ஹாஸ்டலில் 40000, நூலகப் பக்கம் ஆல்டர்நேட். நடுவில் நூலக ட்ரங்கில் பவுண்டரி காட்டியது, ரிவிஷன் எண் அங்கே 0-வாகவே இருந்தது, 1 என்று மாற்றியதும் போய்விட்டது. லேப் – ஹாஸ்டல் ட்ரங்கில் விலான் 10 விட்டுப்போயிருந்தது, அதையும் சேர்த்தேன்.

லேப் ஃபைபரைப் பிடுங்கியபோது ரெண்டு பிங் போனது. ஆனால் ஹாஸ்டல் – லேப் ஃபைபரைக் கன்வெர்ட்டருக்கு வெளியே பிடுங்கியபோது மட்டும் ஹாஸ்டலில் ஆறேழு பிங் போகிறது, ஏன்? காலையில் லேபில் எல்லா மெஷினும் முதல் தடவையே முகவரி எடுத்தன. வார்டன் அறைப் போர்ட்டில் லூப்பேக் டிடெக்ஷன் போட்டு, அதே சின்ன ஸ்விட்சில் அதே கேபிளைச் செருகிப் பார்த்தேன், அந்த போர்ட் மட்டும் மூடியது, மற்ற யாருக்கும் தெரியவே இல்லை. இன்னொன்று, நூலகத்தில் ஒரு போர்ட் பிபிடியு கார்டால் எர்-டிசேபிள் ஆனது, அங்கே மாட்டியிருந்த சின்ன மேனேஜ்டு ஸ்விட்சை எடுத்த பிறகும் திறக்கவில்லை.

சிப்காட்_ஷிஃப்ட் பதில்:

ஆறேழு பிங் கன்வெர்ட்டரால்தான். ஃபைபர் போனாலும் செம்பு லிங்க் விழாததால் ஸ்விட்சுக்குச் செய்தி உடனே கிடைப்பதில்லை. 2 விநாடிக்கு ஒரு ஹெலோ பிபிடியு, மூன்று தொடர்ந்து வராவிட்டால்தான் முடிவுக்கு வரும், அதுதான் 6 விநாடி. கன்வெர்ட்டரில் லிங்க் ஃபால்ட் பாஸ் த்ரூ என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தால் ஆன் செய்யுங்கள், ஃபைபர் போனதும் செம்பையும் அது இறக்கிவிடும். இல்லையென்றால் எஸ்எஃப்பிக்குப் பணம் கேட்க இந்த அளவீட்டையே நிர்வாகத்திடம் காட்டுங்கள்.

லாசுப்பேட்டை_நெட் பதில்:

நூலக போர்ட் தானாகத் திறக்காது, அந்த போர்ட்டில் ‘ஷட்’ கொடுத்து ‘நோ ஷட்’ கொடுங்கள். ‘எர்டிசேபிள் ரெகவரி காஸ் பிபிடியுகார்டு’ போட்டு வைத்தால் 300 விநாடி கழித்துத் தானே திறக்கும், காரணம் இன்னும் அங்கே இருந்தால் மறுபடி மூடும். நூலகம் மாதிரி உங்கள் கண் படாத இடத்துக்கு அது வசதி. வார்டன் அறைக்கு மட்டும் தானாகத் திறப்பதை நான் போட மாட்டேன், அங்கே மூடினால் நீங்கள் ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. நான்கு ஸ்விட்சின் ‘ஷோ ஸ்பேனிங்-ட்ரீ’ வெளியீட்டையும் இன்றைய தேதி போட்டு ஒரு ஃபைலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை ஏதாவது மாறினால் எதோடு ஒப்பிடுவது என்ற கேள்வி வராது.